சிட்டவுட் படியில் ஒரு தேரை

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் போதும். கேரளத்தின் களமசேரியில் விளக்கு போட்ட சற்று நேரத்தில் சிட்டவுட் படியோரம் ஒரு தேரை வந்து உட்காரும். மலையாளத்தில் இதற்குச் சொறித்தவள என்று பெயர். பெயரைக் கேட்டே பெரியவர்கள் ஒதுங்குவார்கள். பிள்ளைகளோ டப்பாவில் போட்டு வளர்க்கலாமா என்பார்கள்.

தேரையைத் தொட்டால் மரு வராது. மருவைக் கொடுப்பது வைரஸ். பருப்பில்லாத காயைத் ‘தேரை விழுந்த தேங்காய்’ என்கிறோம். மரமேறத் தெரியாத இந்தப் பிராணி தென்னை உச்சிக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்டதில்லை!

ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் இரண்டு மேடுகளும் நச்சுச் சுரப்பிகள்தான். அவை சுரக்கும் பால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளுவது அதனால்தான். தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது.

தேரையும் நம் கைக்குப் பயப்பட வேண்டும். அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை; அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. நம் கையிலுள்ள சோப்பும் கொசு விரட்டிக் களிம்பும் அதே வழியாக உள்ளே போகும். அதற்குச் சாப்பாடு போடுவதும் லேசானதல்ல. அசையும் இரையைத்தான் பிடிக்கும்: எறும்பு, கரையான், வண்டு என்று இரவெல்லாம் பலவகை. டப்பாவில் ஒரே வகைப் புழுவைப் போட்டுக்கொண்டிருந்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு மெலியும்.

குட்டையில் கருகருவென்று திரளும் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் பிடித்து வருவதும் உண்டு. அவற்றைப் பற்றி தார்வாடின் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூர், கிரிஷ் என்ற ஆய்வாளர்கள் அருமையான சோதனை ஒன்று செய்து 2000-ல் வெளியிட்டார்கள். சிலவற்றை உடன்பிறப்புகளோடும், சிலவற்றைத் தன்னந்தனியாகவும் வளர்த்தார்கள். வேகவைத்த கீரைதான் தீனி. பிறகு தொட்டியின் ஒரு முனையில் உடன்பிறந்தவை, மறுமுனையில் அந்நியமானவை. அப்படி வளர்த்தவற்றில் பெரும்பாலானவை உடன்பிறப்பின் பக்கமே போய் நின்றன. முன்பின் பார்த்திராத உடன்பிறப்பானாலும் அப்படித்தான். கண்ட குட்டையிலிருந்து அள்ளி ஒரே பாட்டிலில் கலப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

வளர்த்துச் சலித்தபின் வேறு ஊரில் விடுவது இன்னும் மோசம். நோயும் கூடவே போகும். ஆசியாவிலிருந்து மடகாஸ்கரின் துவாமசினா துறைமுகப் பகுதிக்கு வந்து சேர்ந்த இதே இனம் அங்கே பெருகிவிட்டதாக 2014-ல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். தேரை நஞ்சுக்குப் பழகாத அந்தத் தீவின் பாம்புகளுக்கு அது புது ஆபத்து.

வாசலுக்கு வருவதை அங்கேயே வைத்துப் பாருங்கள். தொட்டிச் செடியருகே ஒரு உடைந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தால் பகலில் தங்கும். மழை இரவில் ஸ்கூட்டரை எடுக்கும் முன் மட்டும் சக்கரத்தடியில் ஒருமுறை டார்ச் அடித்துவிடுங்கள்.