ஏசி ஏன் குளிரவில்லை?

மும்பையில் மே மாதம். தாராவியில் ஒரு சிறிய வீடு. பத்துக்குப் பத்து அறை. மேலே தகரக் கூரை. அதை அங்கே 'பத்ரா' என்பார்கள். வீட்டில் ஒரு பழைய ஏசி இருக்கிறது. காலையில் நன்றாகக் குளிர்கிறது. மதியம் இரண்டு மணிக்கும் ஓடுகிறது. ஆனால் வேர்வை அடங்கவில்லை.

மெக்கானிக் வருகிறார். "கேஸ் தீர்ந்துபோச்சும்மா" என்கிறார். நிரப்புகிறார். பணம் வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த கோடையிலும் அதே பேச்சு. அதே செலவு.

இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது. ஏசி கேஸ் உண்மையில் தீர்ந்து போகுமா?

அடுப்பு கேஸ் எரிகிறது. அதனால் தீர்கிறது. ஏசி கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கிணற்று வாளியை நினைத்துப் பாருங்கள். வாளி உள்ளே போகிறது. தண்ணீரை மொண்டு மேலே வருகிறது. கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போகிறது. ஏசி கேஸும் அப்படித்தான். அறையின் சூட்டை மொண்டு வெளியே கொட்டுகிறது. மோட்டார்தான் அதற்கு ராட்டினம். இறைத்து இறைத்து வாளி தீர்ந்துபோகுமா? போகாது. குழாயில் ஓட்டை விழுந்தால்தான் கேஸ் குறையும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது வீண் செலவு.

பல நேரங்களில் கேஸ் சரியாகவே இருக்கும். குற்றம் வேறு இடத்தில் இருக்கும். முதலில் ரிமோட்டைப் பாருங்கள். பனிப்பூப் படம் தெரிய வேண்டும். விசிறிப் படம் மட்டும் தெரிந்தால் ஏசி வெறும் காற்றைத்தான் வீசும். குழந்தைகள் கை பட்டு இது மாறிவிடுவது உண்டு. சிலர் 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஏசியில் அப்படி இல்லை. அது ஒரே வேகத்தில்தான் குளிரும். மோட்டார் நிற்காமல் ஓடும். மின்கட்டணம்தான் ஏறும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள புதிய ஏசிகளைத் தொடக்கத்தில் 24 டிகிரியில் வைத்து விற்க வேண்டும் என்று அரசு விதி செய்தது. 24 டிகிரியும் ஒரு மின்விசிறியும் பெரும்பாலோருக்குப் போதும்.

அடுத்தது தூசி. ஏசியின் முன்மூடியைத் திறந்தால் வலை போன்ற வடிகட்டி இருக்கும். அதில் தூசி அடைத்தால் காற்று உள்ளே போகாது. தாராவியில் பக்கத்து வீட்டில் தையல் எந்திரம் ஓடும். எதிரே தோல் வேலை நடக்கும். நூல், பஞ்சு, தூள் எல்லாம் பறந்து வரும். மற்ற இடங்களில் மாதம் இரண்டு முறை கழுவினால் போதும். இங்கே வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். வலையைத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். செலவே இல்லை.

சில நேரம் உள்ளே இருக்கும் குழாயில் ஐஸ் கட்டியிருக்கும். 'நன்றாகக் குளிர்கிறது போல' என்று எண்ண வேண்டாம். காற்று போகவில்லை, அல்லது கேஸ் குறைவு என்று அதற்குப் பொருள். விசிறியை மட்டும் ஓடவிட்டு ஐஸைக் கரையுங்கள். வலையைக் கழுவுங்கள். மறுபடி ஐஸ் கட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

வெளிப்பெட்டியை மறந்துவிடக் கூடாது. மொண்ட சூட்டை அதுதான் வெளியே கொட்டுகிறது. தாராவியில் சந்துகள் மிகக் குறுகியவை. எதிர்ச் சுவரில் பட்ட சூடான காற்று திரும்பப் பெட்டிக்கே வருகிறது. அல்லது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. பிறகு சண்டைதான். மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாய் போட்டுப் பெட்டியை மூடுகிறவர்களும் உண்டு. மூடிய பெட்டியால் மூச்சு விட முடியாது. மாட்டுங்கா, செம்பூர் மாடிக் கட்டடங்களில் புறாத் தொல்லை. பெட்டியின் பின்னால் கூடு கட்டும். இறகும் எச்சமும் தகடுகளை அடைத்துவிடும். ஆனால் மாடி ஜன்னலில் எட்டித் தொங்கி அதைச் சுத்தம் செய்யாதீர்கள். இடுப்பில் கயிறு கட்டி வேலை செய்யும் ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி ஈரத்தைப் பார்ப்போம். 1902-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. ஈரக் காற்றால் காகிதம் உப்பியது. வண்ணங்கள் சரியான இடத்தில் விழவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் காற்றின் ஈரத்தை எடுக்க ஓர் எந்திரம் அமைத்தார். இன்றைய ஏசிக்கு அது முன்னோடி. ஆள் குளிர்வதற்காக அல்ல, காகிதம் காய்வதற்காக அது பிறந்தது! மும்பையின் கடல் காற்றில் ஈரம் மிக அதிகம். ஏசி தன் சக்தியில் ஒரு பங்கை இந்த ஈரத்தைப் பிழியவே செலவிடுகிறது. வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டினால் உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதே அறையில் சோறு கொதித்தால், ஈரத் துணி காய்ந்தால் ஏசிக்கு வேலை கூடும்.

வெயிலும் அப்படித்தான். ஏசியை டன் கணக்கில் சொல்கிறோம். அந்தக் காலத்தில் கப்பலில் அமெரிக்க ஐஸ் வந்தது. சென்னை ஐஸ்ஹவுஸ் 1842-ல் அதற்காகவே கட்டப்பட்டது. டன் கணக்கும் ஐஸிலிருந்து வந்ததுதான். சுமார் 900 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு குளிர்ச்சியோ, அதுதான் ஒரு டன். பெரிய சக்திதான். ஆனால் தலைக்கு மேல் தகரம் கொதித்தால் அதுவும் போதாது. காலையில் குளிர்ந்து, மதியம் மட்டும் குளிராத ஏசியில் பெரும்பாலும் பழுது இல்லை. கூரையைக் கவனியுங்கள். அகமதாபாத்தில் 2017-ல் ஏழைகள் வாழும் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஒரு டப்பா வெள்ளைப் பூச்சு புது ஏசியைவிட மிக மலிவு.

மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்குகிறதா? பிளக் சுடுகிறதா? அப்படியானால் வயரிங் சரியில்லை. ஏசிக்குத் தனி வயர் வேண்டும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நீட்டிப்புப் பலகையில் மாட்டக் கூடாது. வெளிப்பெட்டியை நீங்களே திறக்கவும் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர் என்ற பாகம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லையா? அப்போது மெக்கானிக் வரட்டும். "கேஸ் குறைவு" என்று சொன்னால், "ஓட்டை எங்கே அண்ணா? காட்டுங்கள்" என்று கேளுங்கள். சோப்பு நுரை தடவினால் ஓட்டையில் குமிழி வரும். ஓட்டையை அடைத்து, குழாயில் உள்ள காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சிய பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும்.

வெளிப்பெட்டியில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதைப் படியுங்கள். ஆங்கில 'ஆர்' எழுத்தும் பக்கத்தில் 22, 32, 410, 290 போன்ற எண்ணும் இருக்கும். அதுதான் கேஸின் பெயர். ஒன்றுக்குப் பதில் வேறொன்றை நிரப்பக் கூடாது. 32 தீப்பற்றக் கூடியது. 290 அடுப்பு கேஸின் உறவு, எளிதில் எரியும். இவற்றில் வேலை நடக்கும்போது பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்பதும் அந்தத் தகட்டிலேயே இருக்கும். தராசில் எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிராம், ஓட்டை எந்த இடத்தில் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அடுத்த கோடையில் வருகிற மெக்கானிக்கிடம் அந்த ரசீதை முதலில் காட்டலாம்.