நேரே போனால் ஏரி!

சிட்லபாக்கத்தில் என் சிநேகிதிக்குச் சீமந்தம். கையில் வளையல் தட்டோடு நானும் அத்தையும் டாக்ஸியில் கிளம்பினோம். டிரைவரின் செல்போன் "நேரே செல்லவும், நேரே செல்லவும்" என்று உபதேசம் செய்துகொண்டே வந்தது. நேரே இருந்ததோ ஒரு மதில் சுவர். அதற்கு அப்பால் ஏரி! கடைசியில் எங்களுக்கு வழி காட்டியவள், தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான்.

"இப்படிப் போக முடியாதும்மா. மதில் எழுப்பி ரெண்டு வருஷம் ஆச்சு. கோயிலைச் சுத்திக்கிட்டுப் போங்க" என்றாள்.

பூக்கார அம்மாளுக்குத் தெரிந்த சமாசாரம் படத்துக்கு ஏன் தெரியவில்லை? விசாரிக்கப் போனதில், பல வருஷங்களாக நடந்துவரும் ஒரு சுவாரசியமான சண்டையே அகப்பட்டது.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' என்ற தேசப்படத்தை ஆரம்பித்தார். ஊர் கூடித் தேர் இழுக்கிற காரியந்தான். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் தெருவை நடந்து பார்த்து வரைந்து சேர்க்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கலாம். ஆனால் உலகம் முழுவதையும் நடந்தே தீர்க்க முடியுமா? அதனால் சர்க்காரோ கம்பெனியோ முன்பே சேகரித்த விவரங்களை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டும் வழக்கமும் வந்தது. சண்டை இங்கேதான்.

மூட்டையாக அரிசி வாங்கியவர்களுக்கு விஷயம் சட்டென்று புரியும். மூட்டை மலிவுதான், கல் பொறுக்குவது யார்?

அமெரிக்காவில் 2007, 2008 ஆண்டுகளில் ஜனத்தொகைக் கணக்கு இலாகாவின் 'டைகர்' என்ற ரோடு விவரம் முழுவதையும் இந்தப் படத்தில் கொட்டினார்கள். அது கணக்கெடுப்புக்காகப் போட்ட படம். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். ரோடு கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன? பலன், இடம் மாறிய ரோடுகளும், வண்டியே போக முடியாத மண் பாதைகளும் தெருவென்று வந்து உட்கார்ந்தன. பல வருஷம் கழித்தும் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். படம் நிறைந்து கிடந்தால், புதிதாக வருகிறவர் "நமக்கு இங்கே என்ன வேலை?" என்று திரும்பிப் போய்விடுகிறார் என்பதும் ஒரு கட்சி.

அதற்காக மூட்டையே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே 2007-இல் ஏ.என்.டி. என்ற டச்சுக் கம்பெனி நெதர்லாந்தின் தெருக்கள் அனைத்தையும் தானமாகக் கொடுத்தது. அங்கே சலித்தெடுக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். இந்தியாவுக்கும் அந்தக் கம்பெனி கொடுத்தது, பெரிய நெடுஞ்சாலைகளை மட்டும். நெடுஞ்சாலையை வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வர முடியுமா? சந்துகளை நம்மவர்கள்தான் போட வேண்டியிருந்தது.

அதன் அருமை 2015 டிசம்பரில் தெரிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை! முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததை அந்தப் பக்கத்து வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது மேப்பாக்ஸ் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் இந்தத் தேசப்படத்தின் மேல் ஒரு வெள்ளப் படம் அமைத்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால், படத்தில் அந்தத் தெருவைத் தொட வேண்டும். உடனே நிறம் மாறும். எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று உதவிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் படத்திலேயே இல்லாத தெருவை எப்படித் தொடுவது?

நமது பக்கத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். எல்லா ஊர்க் காந்தி தெருக்களும் ஒரே குடும்பமாகிவிட்டன! தபால்காரரைக் கேட்டால் தெரியும் அந்தச் சங்கடம். மொத்தமாக வரும் ஜாபிதாவில் பெயர் இருக்கும். எந்தக் காந்தி தெரு, எந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் என்பது இருக்காது.

நடந்து அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1802-இல் லாம்டன் துரை இந்திய நில அளவையைத் தொடங்கியதே இங்கேதான். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி வைத்து அளந்தார்கள். 57 நாள் பிடித்ததாம்!

சீமந்தம் முடிந்து வீடு திரும்பியதும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் அந்தத் தெரு நேரே ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து யாரோ வரைந்திருக்க வேண்டும். மர நிழலில் மதில் தெரியவில்லை போலும். நானே அந்த மதிலைப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டாள்: "ஏண்டி, அந்தப் பூக்கடையையும் போட்டாயா?"