மின்கலத்துக்கு விதி எழுதும் அதிகாரம் யாரிடம்?

அல்சூர் ஏரியை அடுத்த தெருக்களில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளும் கடைகளும் பல. சில ஆண்டுகள் உழைத்தபின் அதன் மின்கலம் ஒரு நாள் ஓய்ந்துவிடுகிறது. கடைக்காரர் புதியதைப் பொருத்திவிட்டுப் பழையதை எடுத்துச் செல்கிறார்; அதற்கென ஒரு தொகை ரசீதில் கழிக்கப்படுகிறது. தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரி அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் நம்மில் பலருக்கு மனம் தடுமாறும். இவ்விரண்டில் எது முறையானது என்பதைச் சொல்லும் வாசகத்தை நாடாளுமன்றச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அது புது தில்லியில் ஓர் அமைச்சகம் எழுதி, அரசிதழில் வெளியிட்ட விதிகளில் உள்ளது.

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் 26 பிரிவுகளே கொண்டது. மின்கலத்தைப் பற்றி அதில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. தீங்கு தரும் பொருள்களைக் கையாளும் முறையை வரையறுக்கவும், மாசைத் தடுக்கவும் விதிகளை இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அது வழங்குகிறது, அவ்வளவே. கைக்கடக்கமான மின்கலத்தில் காட்மியம் எடையளவில் 0.002 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது போன்ற நுட்பங்களை இரு அவைகளும் அமர்ந்து விவாதிப்பது நடவாத செயல். ஆகவே கொள்கையைச் சட்டம் சொல்கிறது. அளவை விதி சொல்கிறது.

இந்த ஒப்படைப்பு வங்கி வாடிக்கையாளர்களுக்குப் புதிதன்று. வெளிநாட்டில் பணிபுரியும் மகன், ஊரிலுள்ள தந்தைக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறார் என்று கொள்வோம். பத்திரம் அனுமதிக்கும் அளவுக்குத் தந்தை அக்கணக்கை இயக்கலாம். ஆனால் பத்திரத்தில் இடம் இல்லாதபோது, அதே அதிகாரத்தை அவர் பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுத்தால் வங்கி அதை ஏற்காது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மத்திய அரசு தன் அதிகாரங்களை ஓர் அதிகாரிக்கோ மாநில அரசுக்கோ வேறு அமைப்புக்கோ ஒப்படைக்கலாம். ஆனால் 25ஆம் பிரிவின்படி விதி இயற்றும் அதிகாரத்தை அவ்வாறு கைமாற்ற இயலாது. நாடாளுமன்றமும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட முடியாது. சட்டத்தின் அடிப்படைக் கொள்கையை அதுவே வகுக்க வேண்டும் என்பது தில்லிச் சட்டங்கள் குறித்து 1951இல் உச்ச நீதிமன்றம் அளித்த கருத்துரைக்குப் பின் நிலைபெற்ற நெறி.

இந்த அதிகாரத்தின் கீழ் முதலில் வந்தவை 2001ஆம் ஆண்டு விதிகள். அவை காரீய அமில மின்கலங்களை மட்டுமே தழுவின. பயன்படுத்திய மின்கலத்தைத் திருப்பித் தரும் நுகர்வோருக்கு உரிய தள்ளுபடி தருவதை விற்பனையாளரின் கடமையாகவே அவை வைத்தன. 2022 ஆகஸ்ட் 22 அன்று வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பாதுகாப்பு, விண்வெளி போன்ற சில பயன்பாடுகள் நீங்கலாக, கைப்பேசியிலிருந்து மின்வாகனம் வரை எல்லா வகை மின்கலங்களும் இப்போது விதிக்குள் வந்துள்ளன. பொறுப்பின் பெரும்பங்கு உற்பத்தியாளரிடம் சென்றது. அதே மாற்றத்தில் ஒரு சொல்லும் மாறியது. பழையதை விலைக்குத் திரும்பப் பெறும் திட்டத்தையோ வைப்புத்தொகைத் திட்டத்தையோ உற்பத்தியாளர் நடத்தலாம் என்கின்றன புதிய விதிகள். 'வேண்டும்' என்றிருந்தது 'லாம்' ஆயிற்று. நம் ரசீதில் கழியும் தொகையைத் தொடும் இந்த மாற்றம் ஓர் அறிவிக்கையின் வழியே வந்தது.

அப்படியானால் நமக்குச் சொல்ல இடமே இல்லையா? உண்டு. இவ்விதிகளின் வரைவு 2020 பிப்ரவரி 20 அன்று வெளியிடப்பட்டு, ஆட்சேபணைகளுக்கு 60 நாள் அவகாசம் தரப்பட்டது. (அந்த அவகாசம் முடியுமுன் நாடெங்கும் ஊரடங்கு வந்துவிட்டது என்பது வேறு கதை.) விதி இயற்றப்பட்ட பின்னும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 26ஆம் பிரிவின்படி ஒவ்வொரு விதியும் இரு அவைகளின் முன்னும் 30 நாள் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் இசைந்தால் அதைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம். இத்தகைய விதிகளை ஆராய்வதற்கென்றே இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டக் குழுக்கள் உள்ளன. ஆயினும், விதி நடைமுறைக்கு வந்தபின் அதை நீக்குவதைவிட, வரைவாக இருக்கும்போது ஒரு கடிதம் எழுதுவது எளிது என்பது நம் எண்ணம்.

தண்டத்தை மட்டும் நாடாளுமன்றம் தன் கையிலேயே வைத்துள்ளது. சிறைத்தண்டனைக்கு இடமளித்த பழைய 15ஆம் பிரிவு திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என்று ஆயிற்று.

விதிகளை எழுதுவது தில்லி. நடைமுறைப்படுத்தும் அலுவலகமோ நமக்கு அருகில்தான். அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் மகாத்மா காந்தி சாலை. அதை ஒட்டிய சர்ச் தெருவில்தான் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளது. மின்கலங்களைப் புதுப்பிப்போரும் மறுசுழற்சி செய்வோரும் மாநில வாரியத்தில் பதிவு பெற வேண்டும். உற்பத்தியாளர்கள் மத்திய வாரியத்தில்.

இனி அந்தப் பழைய சாமான் வியாபாரியிடம் திரும்புவோம். அவர் தரும் கூடுதல் தொகை பெரும்பாலும் காரீயத்தின் விலை. பதிவில்லாத பட்டறையில் மின்கலத்தை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, காரீயத்தைத் திறந்த வெளியில் உருக்கும்போது எழும் புகையும் தூசியும் அங்குள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மின்கலக் கழிவை வீட்டுக் குப்பையோடு கலவாமல், சேகரிக்கவோ புதுப்பிக்கவோ மறுசுழற்சி செய்யவோ ஈடுபட்டுள்ள அமைப்பிடம் தருவது நுகர்வோரின் கடமை என்று 2022 விதிகள் நம்மையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மின்கலத்தின் மேல் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னம் இருப்பது அதற்காகவே. அடுத்த முறை மின்கலம் மாற்றும்போது, பழையது எவரிடம் செல்கிறது என்று கடைக்காரரைக் கேட்டு, கழித்த தொகையை ரசீதில் தனி வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம்.