மீளழைப்புக் கடிதம் மடவளைக்கு வருவதில்லை

ஒரு காரில் உற்பத்திக் குறை இருப்பது தெரியவந்தால், அதைச் செய்த நிறுவனம் உரிமையாளரைத் தேடிப்பிடித்துத் தகவல் சொல்லி, ஒரு சதமும் வாங்காமல் குறையைத் திருத்திக் கொடுக்க வேண்டும். ரீகால் எனப்படும் மீளழைப்பின் சாரம் இவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது சட்டம் விதிக்கும் கடமை. ஆனால் கண்டிக்கு அருகே, கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை வழியாக வத்தேகமைக்குப் போகும் வீதியில் ஓடும் ஒரு நிசான் லீஃபை அந்தக் கடமை எட்டுவதில்லை. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிச் சலுகையால் ஜப்பானில் ஓடிய லீஃப் கார்கள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்துக்கு ஏற்ப மின்சார வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதி 2022 செப்டெம்பரில் வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவு திறந்தது. இப்படி அலை அலையாக வந்த கார்களுக்குப் பின்னால், அவற்றின் குறைகளைப் பற்றிய தகவல் மட்டும் கடல் தாண்டி வரவில்லை. அந்தத் தகவலை வரவழைக்கும் பொறுப்பு அரசுடையது. அதை நிறைவேற்றப் புதிதாகத் திணைக்களம் எதுவும் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரமே போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் லீஃப் காரையே எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த இது, உலகில் பெருந்தொகையாக விற்ற முதல் மின்சாரக் கார்களில் ஒன்று. அமெரிக்காவில் 2016இல் 2013 முதல் 2015 வரையான மாதிரிகளில் சுமார் 47 ஆயிரம் கார்கள் மீளழைக்கப்பட்டன. கடுங்குளிரில் பிரேக்குக்கு உதவும் மின்னணுக் கருவியின் ரிலே உறைந்து, கார் நிற்க எடுக்கும் தூரம் கூடலாம் என்பது காரணம். 2023இல் 2018 முதல் 2023 வரையான மாதிரிகளில் சுமார் 66 ஆயிரம் கார்களுக்கு அழைப்பு வந்தது. குரூஸ் கட்டுப்பாட்டை நிறுத்திய சில விநாடிகளுக்குள் சாரதி ஓட்டு முறையை மாற்றினால், மிதிபலகையில் கால் வைக்காமலே கார் வேகமெடுக்கலாம் என்று கண்டறிந்திருந்தார்கள். 2024இல் இன்னும் கடுமையான அறிவிப்பு வந்தது. 2019, 2020 மாதிரிகளில் 23,887 கார்களின் பெட்டரிக் கலங்களுக்குள் லித்தியம் அளவுக்கு மீறிப் படிந்து மின்தடை கூடுவதாகவும், அதிவேகச் சார்ஜரில் போடும்போது பெட்டரி சட்டென்று சூடேறித் தீப்பற்றலாம் என்றும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருத்தம் கிடைக்கும்வரை அதிவேகச் சார்ஜ் வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொல்லப்பட்டது. 2025இல் அதே காரணத்துக்காக 2021, 2022 மாதிரிகளில் மேலும் 19,077 கார்கள் அழைக்கப்பட்டன.

அதிவேகச் சார்ஜைத் தவிர்ப்பது நகருக்குள் மட்டும் ஓடுபவருக்குச் சிறிய அசௌகரியம். மலையகத்தில் இருப்பவருக்கு அப்படியில்லை. கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். முதல் லீஃப் புதிதாக இருந்தபோதே, அமெரிக்க அளவீட்டின்படி ஒரு முழுச் சார்ஜில் ஓடிய தூரம் 117 கிலோமீற்றர். 40 கிலோவாட் மணி பெட்டரி கொண்ட பிந்திய மாதிரிக்கு அது சுமார் 243 கிலோமீற்றர். பெட்டரி பழசானால் இந்தத் தூரம் குறையும். கடுகண்ணாவை ஏற்றம் இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். கொழும்புக்குப் போய் அன்றே திரும்ப நினைக்கும் மடவளைக்காரர் வழியில் அதிவேகச் சார்ஜரை நாடியே ஆக வேண்டும். இந்த லீஃப் மாதிரிகளின் பெட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. ஏற்றத்தில் ஏறிய சூடும் சார்ஜ் போடும்போது ஏறும் சூடும் காற்றிலேயே தணிய வேண்டும். ஆக, எச்சரிக்கை யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே அது வந்து சேராமல் இருக்கிறது.

இது ஒரு நிறுவனத்தின் தனிக் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் காரின் கலங்களுக்குள் கிழிந்த மின்வாய் முனையும் மடிந்த பிரிப்பானும் ஒன்றாக அமைந்தால் தீப்பிடிக்கலாம் என்று தெரிந்ததும், 2021இல் அதுவரை தயாரான சுமார் 1 இலட்சத்து 42 ஆயிரம் கார்களும் அழைக்கப்பட்டன. வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், முழுதாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள் என்று முதலில் சொல்லி, பிறகு பெட்டரிப் பகுதிகளையே மாற்றிக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஹூண்டாய் கோனா உள்ளிட்ட சுமார் 82 ஆயிரம் வாகனங்களின் பெட்டரிகளை மாற்றுவதாக ஹூண்டாய் அறிவித்தது. சீனாவில் 2024 செப்டெம்பரில் பிவைடி நிறுவனம் டொல்பின், யுவான் பிளஸ் ஆகிய மாதிரிகளில் 96,714 கார்களை மீளழைத்தது. ஸ்டியரிங்குக்கு உதவும் மின்கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்த குறை தீக்குக் காரணமாகலாம் என்பதே சிக்கல். அவை 2022 நவம்பர் முதல் 2023 டிசம்பர் வரை தயாரானவை. யுவான் பிளஸ் என்பது வெளிநாடுகளில் அட்டோ 3 என்ற பெயரில் விற்கப்படும் அதே கார். வெளிநாட்டில் உழைப்போருக்கான அனுமதியில் மின்சார வாகனங்கள் இலங்கைக்குள் வந்த காலத்தோடு இந்த உற்பத்திக் காலம் பொருந்துவதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை மீளழைப்புகளைப் பார்த்து மின்சாரக் காரே ஆபத்து என்று முடிவு கட்டினால் அது தவறு. சுவீடனின் சிவில் பாதுகாப்பு நிறுவனம் 2022க்குத் தந்த கணக்கில், ஒரு இலட்சம் மின்சார, ஹைபிரிட் கார்களுக்கு நான்குக்கும் குறைவானவை தீப்பற்றின. எல்லா எரிபொருள் வகைகளையும் சேர்த்தால், தீவைப்பு உட்பட, அது 68. ‘அப்படியானால் ஏன் பீதி கிளப்புகிறீர்கள்?’ என்று கார் விற்பனையாளர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தாழ்ந்த எண்ணிக்கை தானாக வந்ததல்ல. குறை கண்டதும் அறிவித்து, கார்களை அழைத்துத் திருத்தும் நாடுகளில் எடுத்த கணக்கு அது. திருத்தப்படாத கார் ஓடும் நாடு அந்தக் கணக்கைத் தனக்கு உரிமை கோர முடியாது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில், வேலூரில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் பிடித்த தீயின் புகை ஒரு தந்தையையும் மகளையும் பலிகொண்டது. வேறு இடங்களிலும் இப்படித் தீப்பிடித்த பின்னர், அடுத்த மாதமே ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000, ஓலா 1,441 என நிறுவனங்கள் ஸ்கூட்டர்களை மீளப் பெற்றன. அந்த ஆண்டு இறுதியில் இந்தியா பெட்டரிப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கியது. மின்சார வாகனத்தின் மீதான நம்பிக்கையைக் காப்பது இத்தகைய வெளிப்படைத்தன்மைதான்.

நமது சங்கிலி எங்கே அறுகிறது? ஜப்பானில் முதல் உரிமையாளரின் பெயரும் முகவரியும் அங்குள்ள பதிவேட்டில் இருக்கும். அவருக்குக் கடிதம் போகும். கார் ஏலத்துக்கு வந்து, ஏற்றுமதியாளர் கைக்கு மாறி, கப்பலேறியதும் அங்கே பதிவு நீங்கிவிடுகிறது. அதன் பிறகு இறக்குமதியாளர், கார் சேல், முதல் உரிமையாளர், அவரிடம் வாங்கியவர் என்று கை மாறும்போது உற்பத்தியாளருக்கு அந்தக் கார் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. தேடிப் பார்க்க முயல்பவருக்கும் வழி எளிதாக இல்லை. ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக் காருக்கு 17 எழுத்தெண் கொண்ட சர்வதேச அடையாள இலக்கம் கிடையாது. ஸீஈ0, ஏஸீஈ0, ஸீஈ1 என்று மாதிரிக் குறியில் தொடங்கும் குட்டையான செசி இலக்கமே உண்டு. அதை அமெரிக்கத் தேடல் பக்கத்தில் இட்டால் விடை வராது. நிசானின் ஜப்பானியத் தேடல் பக்கம் அந்த இலக்கத்தை ஏற்கும். ஆனால் பக்கம் முழுவதும் ஜப்பான் மொழியில் இருக்கிறது.

‘அமெரிக்காவில் அழைத்த கார் வேறு, ஜப்பானில் ஓடிய கார் வேறு, நமக்கு ஏன் கவலை?’ என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை உண்டு. தொழிற்சாலை, பெட்டரித் தொகுதி, உதிரிப்பாகம் நாட்டுக்கு நாடு மாறும். 2016இன் பிரேக் மீளழைப்பு கடுங்குளிருக்கு உரியது. மடவளையின் மழைக்காலத்தில் அது பெரிய அச்சமாக இராது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கார் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது, செசி இலக்கத்தை ஒப்பிட்டே சொல்ல முடியும். இந்த ஆட்சேபம் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு எதிரான வாதமாகாது. அந்த ஏற்பாடு ஏன் வேண்டும் என்பதற்கான காரணமே அதில் இருக்கிறது. காலநிலை சில நேரம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்தே உயிர்களைப் பறித்தது. அந்தக் குறைக்கு நம்மைப் போன்ற நாடுகளே அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். பெற்றோல் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க, காப்புறுதியோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். மின்சாரக் காருக்குப் புகை இல்லை. ஆகவே அந்தப் பரிசோதனையும் இல்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் உள்ள தகுதிச் சான்றிதழ் தனியார் காருக்குத் தேவைப்படுவதில்லை. விளைவாக, ஒரு மின்சாரக் கார் பதிவான நாளிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாள் வரை, அதன் பாதுகாப்பைப் பற்றி அரசின் எந்தக் கருமபீடமும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு காரின் செசி இலக்கமும், இப்போதைய உரிமையாளரின் முகவரியும் இருக்கின்றன. உற்பத்தியாளரிடம் மீளழைப்புப் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் கணினியில் ஒப்பிட்டு, பொருந்தும் காரின் உரிமையாளருக்கு வருமான அனுமதிப்பத்திரத்தோடு ஓர் அறிவித்தல் கொடுப்பது மட்டுமே மிச்சமுள்ள வேலை. கார் பிரதேச செயலகத்துக்கு வர வேண்டியதில்லை, புதிய பரிசோதனை நிலையமும் கட்ட வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரிகளும் உண்டு. ஜப்பான் 2018 மே முதல், ஆபத்து மிகுந்த தகாட்டா காற்றுப்பையை மாற்றாத கார்களை வாகனப் பரிசோதனையில் சித்தியடைய விடவில்லை. நியூசிலாந்து நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, நம்மைப் போலவே ஜப்பானியப் பழைய கார்களை நம்பியிருக்கும் நாடு. அது 2018இல் தகாட்டா காற்றுப்பைகளுக்குக் கட்டாய மீளழைப்பை அறிவித்தபோது, ஜப்பானிலிருந்து இரண்டாம் கையாக வந்த கார்களையும் அதற்குள் சேர்த்தது. இந்தியா 2021 ஏப்ரல் முதல், முறைப்பாடுகள் குறித்த அளவைத் தாண்டினால் மீளழைப்புக்கு அரசே உத்தரவிடும் அதிகாரத்தைப் பெற்றிருக்கிறது. தண்டப்பணம் 10 இலட்சம் முதல் 1 கோடி இந்திய ரூபாய் வரை போகும்.

உள்ளூர் முகவர்களின் ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. தாங்கள் விற்காத காருக்குத் தாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். கராஜில் வேலை செய்யும் ஒருவரின் நேரத்துக்குக்கூடக் கூலி உண்டு. அதை முகவரின் தலையில் கட்டுவது நீதியல்ல. ஆனால் குறையுள்ள பாகத்துக்குப் பொறுப்பு அதைச் செய்தவருடையது, கார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும். முகவர் திருத்தட்டும், செலவை உற்பத்தியாளர் திருப்பிக் கொடுக்கட்டும். இந்த உடன்பாட்டை, இலங்கையில் புதிய கார் விற்கும் உரிமைக்கான நிபந்தனையாக அரசு வைக்கலாம். நம் சந்தையில் புதிய கார் விற்று இலாபம் காண வரும் நிறுவனத்திடம், அதே பெயர்ப்பலகையோடு ஏற்கெனவே இங்கு ஓடும் காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. முகவரே இல்லாத மாதிரிகளுக்கு, இறக்குமதியாளர் சுங்கத்தில் காரை விடுவிக்கும்போதே, திறந்த மீளழைப்பு எதுவும் அதில் இல்லை என்ற சான்றைக் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம். வாங்குபவரே விசாரித்து வாங்கட்டும் என்று சொல்லிக் கைகழுவுவது, ஜப்பான் மொழி தெரியாத குடும்பத்தின் மீது ஓர் அரசின் வேலையைச் சுமத்துவதாகும்.

அரசு அசையும்வரை உரிமையாளர் செய்யக்கூடியவை சில உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் மீளழைப்புத் தேடல் பக்கத்தில் கைபேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு இட்டுப் பாருங்கள். நிசானுக்கு ஏஎம்டபிள்யூ, பிவைடிக்கு ஜோன் கீல்ஸ் சீஜீ ஒட்டோ என்று முகவர் இருக்கும் நிறுவனங்களிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 2019 முதல் 2022 வரையான லீஃப் வைத்திருப்போர், தங்கள் இலக்கம் பட்டியலில் இல்லை என்று உறுதியாகும்வரை அதிவேகச் சார்ஜரைத் தவிர்த்து, வீட்டுச் சார்ஜோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்ச்சும் உள்ள தனி இணைப்பில் மட்டும் சார்ஜ் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் கோட் வேண்டவே வேண்டாம். சார்ஜ் சதவீதம் காரணமின்றி ஏறி இறங்கினாலோ, கருகல் வாடை வந்தாலோ, ஆட்களை இறக்கி விலகி நின்று தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் பெட்டரியின் பார்களை எண்ணுவதோடு நில்லாமல், திறந்த மீளழைப்பு உண்டா என்றும் கார் சேலில் கேளுங்கள். பதில் மறுக்கப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். அங்கே பதிவாகும் ஒவ்வொரு முறைப்பாடும், சட்டம் எழுதுகிறவர்கள் இனியும் தட்டிக்கழிக்க முடியாத சான்றாக நிற்கும்.