குடியில் சிக்கிய பெண்ணுக்குக் குடும்பம் என்ன செய்யலாம்?

குடிப்பழக்கம் ஆண்களின் பிரச்சனை என்றே நாம் நினைக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்களில் சுமார் 19 சதவீதம் பேரும், பெண்களில் 1 சதவீதத்திற்குச் சற்றுக் கூடுதலானோரும் மது அருந்துகின்றனர். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அந்தப் பெண்களின் துயரம் வெளியே வருவதில்லை. ஆண் குடித்தால் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் குடும்பம், பெண் குடித்தால் மூடி மறைக்கிறது. மது ஹராம் என்று அறிந்த நம் வீடுகளில் இந்த மறைப்பு இன்னும் அதிகம்.

சென்னை அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை பலரும் அறிந்தது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது அது. குடிநோயாளியுடன் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது அங்குள்ள சிகிச்சையின் முக்கியப் பகுதி. அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பெண்கள் விஷயத்திலும் இதே அணுகுமுறை பலன் தருகிறது. அமெரிக்காவில் பார்பரா மெக்ரேடி குழுவினர் குடிப்பழக்கம் உள்ள 102 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. தனியாகச் சிகிச்சை பெற்றவர்களைவிட, கணவருடன் சேர்ந்து பெற்றவர்கள் குடிக்காமல் இருந்த நாட்கள் கூடுதல். இல்லற உறவில் திருப்தி கூடும்போது குடிக்கும் வேட்கை குறைவதையும் இத்தகைய ஆய்வுகள் கவனித்துள்ளன.

காரணம் எளிது. சண்டை, புறக்கணிப்பு, தனிமை ஆகியவை வேட்கையைக் கிளறும். வேட்கை அலை போல எழுந்து, சிறிது நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் குத்திக் காட்டாமல் ஒருவர் துணையிருந்தால் அதைக் கடப்பது எளிது. பழையதைக் கிளறாமல் பேசுவது, குடிக்காத நாளைப் பாராட்டுவது, வேட்கையைத் தூண்டும் சூழலை முன்கூட்டியே தவிர்ப்பது ஆகியவற்றைக் கணவருக்கும் கற்றுத் தருகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நீண்ட நாள் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வீட்டில் பூட்டி வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணவர் அடிப்பவராக இருந்தால் சேர்ந்து ஆலோசனை பெறுவது பொருந்தாது. முதலில் அவளுடைய பாதுகாப்பு. மகளிர் உதவிக்கு 181, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்களை அழைக்கலாம்.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. பாவத்தை வெறுக்கும் நாம், அதில் சிக்கிய நம் சகோதரியைச் சபிக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.