விதைக்கும் ஒரு நூலகம்

நூலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் புத்தக அடுக்குகளும், தவணை கடந்தால் தண்டம் கேட்கும் நூலகரும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பே. புத்தகத்தோடு விதையையும் கடன் கொடுக்கும் நூலகங்கள் உள்ளன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தின் ரிச்மண்டு நகரப் பொது நூலகத்தில் 2010ஆம் ஆண்டு அத்தகைய விதை நூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே அருகிலுள்ள பெர்க்லி நகரில் இம்முயற்சி முளைவிட்டிருந்தது. ரிச்மண்டைப் பார்த்து வேறு பல ஊர் நூலகங்களும் இதனைக் கைக்கொண்டன. கணிப்பொறி வந்தபின் வேலையிழந்து மூலையில் கிடந்த நூற்பட்டியல் அட்டைப் பேழைகளுக்குப் பல இடங்களில் இதனால் மறுவாழ்வு கிடைத்தது. ஆசிரியர் பெயர் அட்டைகள் இருந்த இழுப்பறைகளில் இப்போது தக்காளி விதையும் அவரை விதையும் சிறு உறைகளில் உறங்குகின்றன.

முறை மிக எளியது. உறுப்பினர் தமக்கு வேண்டிய விதையை விலையின்றி எடுத்துக்கொண்டு, பதிவேட்டில் குறித்துவிட்டுச் செல்வார். தோட்டத்தில் பயிரிட்டு, காய்களில் சிலவற்றைப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டு, அவற்றின் விதையில் ஒரு பங்கை நூலகத்திற்குத் திருப்பித் தருவார். தராவிட்டால் தண்டம் இல்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். புத்தகத்தைப் பூட்டிவைத்தால் அது பல நூற்றாண்டுகள் இருக்கும். ஆனால் விதையோ உயிருள்ள பொருள். பெட்டிக்குள் மெல்ல மெல்ல முதுமையடைகிறது. வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும். தக்காளி விதை நான்கைந்து ஆண்டு தாங்கும். ஆகவே விதை நூலகம் வாழ வேண்டுமானால் விதை வெளியே சென்று, மண்ணைப் பார்த்து, புது விதையாகத் திரும்பியாக வேண்டும். அன்றியும், கடன் வாங்கிய புத்தகம் அதே புத்தகமாகத் திரும்பும். விதை அதே விதையாகத் திரும்பும் என்பதற்கு உறுதி என்ன?

தாவரவியல் மாணவர்கள் இதற்கு விடை அறிவர். அவரை, பட்டாணி, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை உடையவை. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு குறைவே. தாயைப் போலவே பிள்ளை பிறக்கும். பூசணி இனம் அப்படியன்று. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வண்டு எந்தத் தோட்டத்து மகரந்தத்தை எந்தத் தோட்டத்திற்குக் கொண்டுபோகும் என்று யாரால் சொல்ல முடியும்? அமெரிக்கர் விரும்பி உண்ணும் சுக்கினியும், விழா நாளில் முகம் செதுக்கி விளக்கேற்றும் பூசணியும் பார்வைக்குத் தொடர்பற்றவை எனினும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் எளிதில் கலக்கும். அவ்வாண்டுக் காயில் ஒரு மாற்றமும் தெரியாது. அதன் விதையை அடுத்த ஆண்டு நட்டவர் தோட்டத்தில்தான் உருத்தெரியாத காய் காய்க்கும். சில வேளை கசக்கவும் செய்யும். உறையின் மேல் எழுதிய பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று! ஒருவர் அறியாமல் செய்ததன் பலனை முன்பின் தெரியாத இன்னொருவர் அனுபவிக்க நேருகிறது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையைச் சேமித்துத் தந்தாலும் இதே நிலைதான்.

எனவேதான் விதை நூலகங்கள் விதை கொடுப்பதோடு நில்லாமல் பயிற்சி வகுப்புகளையும் நடத்துகின்றன. இதனை ஓர் அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது. வகுப்பு இல்லாத விதை நூலகம் சில ஆண்டுகளில் வெறும் பெட்டியாகிவிடும் என்பது என் கருத்து.

ஆடிப்பட்டம் பார்த்து விதைக்கும் நமக்கு அந்நாட்டு வசந்தத்தின் அருமை எளிதில் விளங்காது. வடக்கு மாநிலங்களில் ஏப்ரல் கடந்தும் உறைபனி விழக்கூடும். ஆதலால் மார்ச்சு மாதத்திலேயே வீட்டுக்குள் சன்னலோரத்தில் தட்டுகளில் தக்காளி நாற்றுவிட்டு, பின்னர் நாள்தோறும் சிறிது நேரம் வெளிக்காற்றுக்குப் பழக்கி, பனி ஓய்ந்த பிறகே நிலத்தில் நடுவர். வசந்தகால வகுப்புகளில் இவையெல்லாம் கற்பிக்கப்படுகின்றன. பழைய விதை உயிரோடு இருக்கிறதா என அறிய, பத்து விதைகளை ஈரத்துணியில் சுருட்டிவைத்து முளைத்தவற்றை எண்ணுவது ஒரு பாடம். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலுள்ள வழுவழுப்பு நீங்கியபின் கழுவி உலர்த்துவது இன்னொரு பாடம். பூசணியில் தேர்ந்தவர்கள் முதல்நாள் மாலையே ஆண், பெண் மொட்டுகளை விரியாதவாறு கட்டிவைத்து, மறுநாள் காலை தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து மீண்டும் கட்டிவிடுகின்றனர். வண்டின் வேலையை மனிதன் செய்கிறான்!

இத்தகைய சாதுவான முயற்சிக்கும் சட்டத்தின் குறுக்கீடு வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் மெக்கானிக்ஸ்பர்க் என்னும் ஊரின் பொது நூலகம் 2014ஆம் ஆண்டு வசந்தத்தில் விதை நூலகம் தொடங்கியது. சில மாதங்களுக்குள் மாநில வேளாண்மைத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. விதை வணிகத்தை ஒழுங்குபடுத்த 2004இல் இயற்றிய சட்டம் இதற்கும் பொருந்தும். முளைப்புத் திறன் சோதனையும் முறையான பெயர்ச்சீட்டும் இல்லாத வீட்டு விதையை நூலகம் ஏற்று வழங்கக்கூடாது என்பது அதன் சாரம். கடையில் வாங்கிய அவ்வாண்டு விதை உறைகளை மட்டும் கொடுக்கலாம். மக்கள் தமக்குள் மாற்றிக்கொள்ள ஒரு நாள் கூட்டம் வைக்கலாம் என்று சமரசம் ஏற்பட்டது. அதாவது விதை போகலாம், திரும்ப வரக்கூடாது. நூலகம் என்ற பெயருக்குப் பிறகு பொருள் ஏது?

துறையின் அச்சத்தையும் நாம் அடியோடு தள்ளிவிட முடியாது. தவறான பெயரிட்ட விதையாலும் களை விதை கலந்த உறையாலும் தீங்கு உண்டு. ஆயினும் டன் கணக்கில் விற்கும் வணிகரையும், கைப்பிடி விதையை இலவசமாகத் தரும் பாட்டியையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையாகாது. மின்னசோட்டாவும் நெப்ராசுகாவும் 2015லும், இல்லினாயும் கலிபோர்னியாவும் 2016லும் இத்தகைய நூலகங்களுக்கு இடமளித்துச் சட்டத்தைத் திருத்தின. பென்சில்வேனியா வேளாண்மைத் துறையும் 2016இல், வணிக நோக்கமற்ற விதைப் பரிமாற்றத்திற்கு அந்நிபந்தனைகள் இல்லை எனத் தெளிவுபடுத்தியது.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. அதன் 39ஆம் பிரிவின்படி உழவர் தம் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை. சட்டம் வருமுன்பே நம் கிராமங்களில் விதை கைமாறி வந்தது என்பது வேறு செய்தி. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய மறைந்த 'நெல்' செயராமன் அவர்களின் ஏற்பாடு விதை நூலகமேயன்றி வேறென்ன? திருவிழாவில் ஓர் உழவருக்கு மரபு நெல் 2 கிலோ கொடுப்பார். அவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிராதலால் களத்தில் வேறு நெல்லோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் ரகம் பிறழாது. இதே முறையைப் பரங்கிக்கும் பீர்க்குக்கும் நடத்துவதானால், 2 கிலோவை அளப்பதற்கு முன் மொட்டுக் கட்டும் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.