பெருக்கமரம் வளர்ப்போம்

பிறந்த மண்ணை விட்டு வந்து வேரூன்றியவர் நாம் மட்டும் அல்லோம்; மரங்களிலும் அத்தகையன உண்டு. அவற்றுள் ஒன்று பெருக்கமரம். பொந்தன்புளி, யானைப்புளி என்றும் அதற்குப் பெயருண்டு. இங்குள்ள மராத்தியர் அதனைக் ‘கோரக் சிஞ்ச்’ என்பர்.

ஆப்பிரிக்கா இதன் தாயகம். கடல் வாணிகத்தின் வழியே நம் நாட்டை அடைந்ததென அறிஞர் கருதுவர். மாண்டுக் கோட்டையிலும் கோல்கொண்டாவிலும் இம்மரங்கள் நிற்கின்றன. மன்னார்ப் பள்ளிமுனையிலுள்ள மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீட்டர். இவ்வினத்தில் 8 வகைகள் உள. அவற்றுள் 6 மடகாஸ்கருக்கே உரியன. அங்குள்ள ‘பெரியரி’ என்னும் வகை அழியும் நிலையில் உள்ளது.

நம் கோர்படி இல்லங்களில் ஆப்பிரிக்க வகையை வளர்ப்பது அரிதன்று. விதையின் ஓடு மிகக் கடினமானது. அதனை உப்புத்தாளில் சிறிது தேய்த்து, வெந்நீரிலிட்டு ஒருநாள் ஊறவிடுக. மணல் மிகுந்த மண்ணில் சிறிது மக்கிய எருக் கலந்து, அடியில் துளையுள்ள ஆழமான தொட்டியில் 2 சென்டிமீட்டர் ஆழத்துள் ஊன்றுக. சித்திரை, வைகாசி வெப்பமே ஏற்ற காலம். சில விதைகள் முளைக்க வாரங்கள் பல ஆகும், பொறுத்திருத்தல் வேண்டும். இளஞ்செடியின் இலை தனியிலையாகவே தோன்றும். விரல் விரித்த கைபோன்ற இலை பின்னரே வரும். நிலத்தில் நடுவோர் சுவரினின்று 10 மீட்டரேனும் விலகி நடுக. கரிசல் மண்ணாயின் மேடு கட்டி நடுக. நீர் தேங்கினால் வேர் அழுகும்.

ஓர் எச்சரிக்கை. நாம் வளர்த்த முதற்செடி, மார்கழிக் குளிரில் இலை முழுதும் உதிர்த்து நின்றது. பட்டுப்போயிற்றெனக் கருதிப் பிடுங்கினோம். வேரோ கிழங்குபோற் பருத்து ஈரமாயிருந்தது! உயிருள்ளதை நம் கையாலேயே மாய்த்தோம். இலையுதிர்த்தல் அதன் உறக்கம். அக்காலத்தில் நீரைக் குறைத்து, வேனில் வரும்வரை காத்திருத்தலே முறை.

இரவில் மலர்ந்து வௌவாலை அழைக்கும் அதன் வெண்மலரைக் காண ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் நம்மிற் பலர் மாற்றலாகி வேற்றூர் சென்றிருப்போம். ஆயினும் நடுவோம். நாம் இங்கு வாழ்ந்தமைக்கு அம்மரம் சான்று கூறும். நிழல் யாவர்க்கும் பொதுவாகும்.